செஞ்சிக் கோட்டையின் தண்ணீர்க் கணக்கு

புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கும் சங்கராபரணி ஆற்றுக்கு வேறு பெயர்களும் உண்டு. வராக நதி என்பர். செஞ்சியாறு என்றும் சொல்வர். இந்தக் கடைசிப் பெயர்தான் ஆற்றின் பிறப்பிடத்தைக் காட்டிக் கொடுக்கிறது. செஞ்சிப் பகுதி மலைச் சரிவுகளில் தோன்றும் இந்த ஆறு, வீடூர் அணையைக் கடந்து, கல்லாகிப்போன மரங்களுக்குப் பெயர்பெற்ற திருவக்கரையை ஒட்டி, வில்லியனூர் வழியாகப் புதுவைக்கு வந்து சேர்கிறது. மொத்த நீளம் 80 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் ஊசுட்டேரிக்கு வாய்க்கால் வழியே நீர் தருவதும் இந்த ஆறுதான்.

ஆற்றின் வழியே தண்ணீர் மட்டும் வரவில்லை, வரலாறும் வந்தது. புதுவைக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்களைப் பார்க்காதவர் இல்லை. அவை செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் வேங்கடரமணர் கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவை. கோயில் தூண்களைப் பெயர்த்துக் கொண்டுவரும் அளவுக்கு அவர்களுக்குச் செஞ்சியில் என்ன உரிமை என்று கேட்கலாம். 1750 முதல் 1761 வரை, பத்தாண்டுகளுக்கு மேல், அந்தக் கோட்டை புதுச்சேரியின் ஆளுகையில் இருந்தது. அந்தப் பத்தாண்டுகளில் அங்கே நடந்த ஒன்றுதான் இக்கட்டுரையின் பொருள். அதற்கு முன் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிடுவோம்.

புதுவையிலிருந்து திண்டிவனம் சென்று, அங்கிருந்து திருவண்ணாமலைச் சாலையில் திரும்பினால், மொத்தம் சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் செஞ்சி. ஊரைத் தாண்டியதும் சாலை கோட்டைக்குள்ளேயே புகுந்து செல்கிறது. வலப்புறம் கிருஷ்ணகிரி, இடப்புறம் சந்திரகிரி எனப்படும் சந்திராயன் துர்க்கம், எதிரே தென்மேற்கில் எல்லாவற்றிலும் உயர்ந்த ராஜகிரி. சுற்றுப்புறத் தரைமட்டத்திலிருந்து ராஜகிரியின் உச்சி ஏறத்தாழ 240 மீட்டர். முக்கோணத்தின் மூன்று முனைகள்போல் நிற்கும் இந்த மூன்று குன்றுகளையும் இணைத்து மதில் கட்டியிருக்கிறார்கள். மதில்களின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். உள்ளே அடங்கிய பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர். மதிலின் பருமன் சில இடங்களில் 20 மீட்டர் வரை இருக்கிறது. அதற்கு வெளியே சுமார் 24 மீட்டர் அகல அகழி.

ஆனந்தக்கோன் என்னும் இடையர் குலத் தலைவர் 1200ஆம் ஆண்டை ஒட்டி முதற் கோட்டையைக் கட்டினார் என்பது மரபு. அவர் வழிவந்த கிருஷ்ணக்கோன் பெயரால் கிருஷ்ணகிரி அமைந்தது என்பர். ஆடு மாடு மேய்ப்பவர் ஒருவர் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார் என்பதில் எனக்கு வியப்பில்லை. எந்த மலையில் எந்தப் பாறையிடுக்கில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும் என்பது அரண்மனையில் இருப்பவரைவிட மேய்ப்பவருக்குத்தான் தெரியும். கோட்டைக்கு மதில் வேண்டும், வாயில் வேண்டும், வீரர் வேண்டும். ஆனால் இவை எல்லாம் இருந்தும் நீர் இல்லாவிட்டால் மூன்றாம் நாள் கதவைத் திறந்துவிட வேண்டியதுதான்.

கல்லும் சுனையும்

செஞ்சி மலைகளைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு, யாரோ பெரும் பாறைகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டிக் குவித்ததுபோல் தோன்றும். உண்மையில் எதுவும் மேலே கொண்டுவரப்படவில்லை. எல்லாம் அங்கேயே இருந்தவை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு குளிர்ந்து உறைந்த கருங்கல் இது. மேலே இருந்த பாறைகள் காலப்போக்கில் அரித்துச் செல்லப்பட, பாரம் குறைந்த கருங்கல்லில் வெடிப்புகள் விட்டன. குறுக்கும் நெடுக்குமாக விட்ட வெடிப்புகளில் மழைநீர் இறங்கியது. நீர் பட்ட இடத்தில் கருங்கல்லிலுள்ள பெல்சுபார் என்னும் கனிமம் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறும். ஒரு கனசதுரத்தின் முகத்தில் ஒரு பக்கமிருந்து மட்டும் இந்தச் சிதைவு நடக்கிறது. விளிம்பில் இரண்டு பக்கமிருந்தும், மூலையில் மூன்று பக்கமிருந்தும் நடக்கிறது. ஆகவே மூலை முதலில் மழுங்குகிறது. சதுரக் கல் உருண்டைக் கல்லாகிறது. களிமண் கழுவப்பட்டபின் உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன.

இதே வெடிப்புகள்தாம் கோட்டைக்குத் தண்ணீரையும் தந்தன. கருங்கல் தன் உடம்புக்குள் நீரை ஏற்பதில்லை. மழை அதன்மேல் விழுந்து வழுக்கி ஓடுகிறது, அல்லது வெடிப்புகளில் இறங்கித் தங்குகிறது. வெடிப்பு கீழே முடிந்துவிட்டால், இறங்கிய நீர் பக்கவாட்டில் கசிந்து எங்காவது ஒரு குழியில் வெளிப்படும். அதுதான் சுனை. ராஜகிரியின் உச்சியிலேயே வற்றாத சுனைகள் உண்டு. அவற்றோடு மழைநீரைத் தேக்கிவைக்கும் தொட்டிகளையும் கட்டியிருக்கிறார்கள்.

இது போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர், அதாவது ஒரு மீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி. ஒரு ஹெக்டேர் வெற்றுப் பாறையின்மேல் விழும் ஆண்டு மழை 10,000 கன மீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர். மேல்கோட்டையில் 200 பேர் இருக்கிறார்கள், ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 10 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஓராண்டுத் தேவை 7 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர்தான். ஒரு ஹெக்டேர் பாறையில் விழும் மழையில் நூற்றுக்கு ஏழு பங்கைப் பிடித்து வைத்தால் போதும்.

இதற்கு மாறாக, கீழேயிருந்து சுமந்து போவதாக இருந்தால்? 60 கிலோ எடையுள்ள ஒருவர் 20 லிட்டர் குடத்துடன் 240 மீட்டர் ஏற வேண்டும். 80ஐ 9.8ஆலும் 240ஆலும் பெருக்கினால் சுமார் 1,88,000 ஜூல் வேலை. நம் தசைகள் உணவின் ஆற்றலில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுபவை. ஆகவே ஒரு நடைக்கு ஏறக்குறைய 200 கிலோ கலோரி செலவு. அதிலும் முக்கால் பங்கு தன் உடலைத் தூக்கவே போய்விடுகிறது. 200 பேருக்கு நாளொன்றுக்கு 100 நடை. தண்ணீர் சுமக்க மட்டும் தினம் 6 கிலோ அரிசி வேண்டும் என்று என் மாணவர் ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னார். அரிசியாவது களஞ்சியத்தில் இருக்கிறது. பகைவன் அம்பும் குண்டும் விடும் படிக்கட்டில் நாளுக்கு 100 முறை ஏறுவது யார்?

ஐரோப்பாவில் ஆற்றோர மலைக்கோட்டைகளைக் கட்டியவர்களும் இதே சிக்கலைச் சந்தித்தார்கள். ஜெர்மனியில் எல்ப் ஆற்றங்கரைக் குன்றின்மேல் உள்ள கோனிக்ஸ்டைன் கோட்டையில், 16ஆம் நூற்றாண்டில், பாறையைக் குடைந்து 152 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு வெட்டினார்கள். ஆறு கீழே பெருக்கெடுத்து ஓடினாலும் மேலே முற்றுகையில் இருப்பவனுக்கு அது பயன்படாது. செஞ்சியில் அத்தகைய கிணறு தேவைப்படவில்லை. வெடிப்புவிட்ட பாறையே தொட்டியாக அமைந்துவிட்டது.

கீழ்க்கோட்டையில் நீர் இன்னும் தாராளம். சக்கரக்குளம், செட்டிக்குளம் என இரண்டு பெரிய குளங்கள் ராஜகிரியின் அடிவாரத்தில் இருக்கின்றன. கல்யாண மகால் என்னும் கட்டடத்தின் நடுவில் கூம்பிய கூரையுடன், அடுக்கடுக்காகச் சுமார் 24 மீட்டர் உயரம் எழும் கோபுரம் ஒன்று உண்டு. வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுடுமண் குழாய் வழியாக இதன் ஆறாம் தளம்வரை நீர் ஏறியது என்று பழைய குறிப்புகள் கூறுகின்றன. எந்த இயந்திரமும் இல்லாமல் நீர் தானாக மேலே ஏறுமா என்று வழிகாட்டிகள் வியப்போடு கேட்பதுண்டு. ஏறும். தேக்கம் அந்தத் தளத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே. U வடிவக் குழாயில் இருபுறமும் நீர்மட்டம் ஒன்றாக நிற்பதைப் பள்ளியில் பார்த்தவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். நான் வியப்பது வேறொன்றுக்கு. ஆறாம் தளம் 15 மீட்டர் உயரம் என்றால், குழாயின் அடிப்பகுதியில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு கூடுதல் அழுத்தம் இருக்கும். அதைத் தாங்கும்படி மண்குழாய்களைச் சூளையில் சுட்டு, ஒன்றோடொன்று பொருத்திச் சுண்ணாம்புச் சாந்தால் மூட்டுப் பூசிய கைகளின் திறமையை எண்ணிப் பாருங்கள். அரசர்களின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. குழாய் போட்டவர் பெயர் எங்கும் இல்லை.

எட்டாண்டு முற்றுகை

விசயநகர ஆட்சியிலும் அதன்பின் நாயக்கர் ஆட்சியிலும் கோட்டை இன்றைய அளவுக்கு வளர்ந்தது. பின்னர் பீஜப்பூர் சுல்தானின் படை அதைப் பிடித்தது. 1677இல் சிவாஜி அதைக் கைப்பற்றி மதில்களைப் புதுப்பித்தார். அவர் மகன் இராஜாராம் தக்காணத்தில் மொகலாயரிடமிருந்து தப்பி வந்து செஞ்சியில் தங்க, ஔரங்கசீபின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698இல். எட்டு ஆண்டுகள்!

இவ்வளவு காலம் எப்படி நின்றது? சுல்பிகர் கான் மனமொப்பிப் போரிடவில்லை என்ற ஐயம் அக்காலத்திலேயே இருந்தது. அது ஒருபுறமிருக்க, இடத்தைப் பாருங்கள். 13 கிலோமீட்டர் மதிலைச் சுற்றி வளைக்க அதைவிட நீண்ட வளையம் வேண்டும். அந்த வளையத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் சோறும் நீரும் வெளியிலிருந்து வர வேண்டும். உள்ளே இருந்தவர்களிடம் குளங்களும் சுனைகளும் பெரிய நெற்களஞ்சியமும் இருந்தன. வெளியே இருந்தவர்களைத்தான் பசி தாக்கியது. 1692 மழைக்காலத்தில் மராட்டியக் குதிரைப்படை வெளியிலிருந்து வந்து தாக்கித் தானிய வண்டிகளைத் தடுக்க, முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்கு ஆளானார்கள். 1693 சனவரியில் சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. கடைசியில் கோட்டை விழுந்தபோதும் இராஜாராம் தப்பிச் சென்றுவிட்டார்.

அந்த ஆண்டுகளில் புதுச்சேரியின் தலைவிதியும் செஞ்சியில்தான் எழுதப்பட்டது. பணமுடையில் இருந்த இராஜாராமிடம் டச்சுக்காரர்கள் விலை பேசி இசைவு பெற்று, 1693இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியைப் பிடித்தார்கள். பிரான்சுவா மார்த்தேன் அதைத் திரும்பப் பெற 1699 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மலைமேல் இருப்பவன் கையெழுத்திட்டால் கடற்கரையில் கொடி மாறும் என்ற நிலை.

தேசிங்குராஜன் கதையைச் சொல்லாமல் செஞ்சியைப் பற்றி எழுதினால் வாசகர்கள் மன்னிக்க மாட்டார்கள். அவன் தந்தை சொரூப் சிங் 1714இல் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்துத் தேசிங்கு போர்க்களத்தில் மாண்டான். ஆண்டது ஓராண்டுகூட இல்லை. கதைப்பாடலில் அவன் ஆட்சி இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. அவன் கோட்டைக்குள் அடைந்துகொள்ளாமல் வெளியே சென்று போரிட்டதைப் பாடல்கள் புகழ்கின்றன. களஞ்சியத்தையும் சுனையையும் பார்த்தபின், அவன் உள்ளேயே இருந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நிலா மறைந்த பிறகு

எட்டாண்டு தாக்குப்பிடித்த கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள். 1750 செப்டம்பரில், நவாபு பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலியின் படைகள் தோற்றுச் செஞ்சியை நோக்கி ஓடின. புதுவை ஆளுநர் துய்ப்ளே, தளபதி புஸ்ஸியை அனுப்பினார். புஸ்ஸி வெளியே இருந்தவர்களை முறியடித்து, வெடிமருந்து வைத்து வாயிலைத் தகர்த்து, மாலைக்குள் கீழ்க்கோட்டைக்குள் புகுந்துவிட்டார். பிறகு நள்ளிரவு தாண்டும்வரை மலைகளை நோக்கி வெடிகுண்டுகளை வீசிக்கொண்டே, நிலா மறையக் காத்திருந்தார் என்று ஓர்ம் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். நிலா மறைந்ததும் மூன்று மலைகளிலும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். விடியும்போது மூன்றும் அவர்கள் வசம். இழப்பு இருபது பேர் மட்டுமே.

நிலா எப்போது மறைந்திருக்கும்? செப்டம்பர் 11ஆம் நாள் இரவு என்று கொண்டு, இன்று நமக்குத் தெரிந்த அமாவாசை ஒன்றிலிருந்து 29.53 நாள்களாகப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். அன்று வளர்பிறை ஏகாதசியை ஒட்டி வருகிறது. ஏகாதசி நிலா அதிகாலை இரண்டு மணிக்கு மேல்தான் மேற்கே இறங்கும். அதன்பின் கருக்கலுக்கு இரண்டு மணி நேரம் மிச்சம். ஓர்ம் சொல்லும் கதை வானத்தின் கணக்கோடு நன்றாகப் பொருந்துகிறது.

இவ்வளவு எளிதாகக் கோட்டை விழக் காரணம் பீரங்கி என்று பலர் எழுதுவர். நான் அப்படி நினைக்கவில்லை. நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு 240 மீட்டர் ஏறும்போது, காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், 394 மீட்டர் வேகத்துக்குத்தான் குறைகிறது. ஆகவே குண்டுக்கு மலை ஒரு பொருட்டே அல்ல. ஆனால் குறி? அக்காலப் பீரங்கி வண்டிகள் குழலை அதிகம் உயர்த்த இடம்கொடா. உச்சியைத் தொட வேண்டுமானால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் தள்ளி நிற்க வேண்டும். அத்தொலைவில் குறி தவறும். மலைக்கோட்டையின் வலிமை, ஏறிவரும் மனிதனை மூச்சிரைக்க வைத்து, ஒரு குறுகிய இடத்தில் நிறுத்துவதில் இருக்கிறது. ராஜகிரி உச்சிக்குச் சற்று முன் பாறையில் சுமார் 7 மீட்டர் அகலமும் 18 மீட்டர் ஆழமும் உள்ள பிளவு இருக்கிறது. அன்று அதன்மேல் மரத்தால் ஆன தூக்குப் பாலம். இன்று நிலையான பாலம் போட்டிருக்கிறார்கள். பாலத்தை இழுத்துவிட்டால் பத்துப் பேர் நின்று ஒரு படையைத் தடுக்கலாம். ஆனால் அந்தப் பத்துப் பேரும் விழித்திருக்க வேண்டும். போரிடும் மனம் வேண்டும். அன்று காலையில்தான் தோற்று ஓடிவந்த படைக்கு அந்த மனம் இல்லை.

செய்தி புதுவையில் பெருமகிழ்ச்சியை உண்டாக்கியது. தென்னிந்தியாவில் அசைக்க முடியாதது என்று பெயரெடுத்த கோட்டை அல்லவா! கோட்டையைப் பிடித்தவர்கள் அதை வைத்துக்கொள்ள வேண்டிய கட்டம் இனிமேல்தான் வந்தது.

பத்தாண்டில் 1200 பேர்

அதே ஓர்ம் தரும் ஒரு குறிப்பு, செஞ்சியைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் உலுக்கியது. கருநாடகப் பகுதியிலேயே உடலுக்கு மிகவும் ஒவ்வாத இடம் செஞ்சி என்று அக்காலத்தில் கருதினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அங்கே ஒரு நேரத்தில் 100 ஐரோப்பியருக்கு மேல் வைத்திருந்ததில்லை. ஆனால் பத்தாண்டுகளில் அங்கே இழந்த ஐரோப்பியர் 1200 பேர் என்கிறார் அவர்.

எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 100 பேர் உள்ள இடத்தில் ஆண்டுக்கு 120 பேர் இழப்பு. இறந்தவர் இடத்துக்குப் புதியவரை அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் எண்ணிக்கை நூறாக நிற்கும். கதிரியக்கத் தனிமங்களின் அரை ஆயுட்காலத்தை வகுப்பில் கணக்கிடுகிறோமே, அதே கணக்கை இங்கும் போடலாம். சராசரி ஆயுள், 100ஐ 120ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.83 ஆண்டு, அதாவது 10 மாதம். அதை 0.693ஆல் பெருக்கினால் அரை ஆயுட்காலம் 7 மாதம். தை மாதத்தில் புதுவையிலிருந்து நூறு பேர் செஞ்சிக்குப் புறப்பட்டால், ஆவணி வரும்போது ஐம்பது பேர் இருப்பார்கள். யுரேனியத்துக்கு இந்தக் கணக்கைப் போடும்போது கை நடுங்குவதில்லை.

ஓர்ம் எதிர்த்தரப்பு ஆங்கிலேயர். எண்ணைச் சற்றுக் கூட்டியிருக்கலாம். பாதியாகக் குறைத்தாலும் கொடுமை குறையவில்லை. 1750இல் கோட்டையைப் பிடிக்க இழந்தது இருபது பேர். அதை வைத்திருக்க இழந்தது அதைப்போல் அறுபது மடங்கு.

அவர்களைக் கொன்றது எது? கெட்ட காற்று என்றார்கள். மலேரியா என்னும் சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். உண்மையான காரணம் தெரிய இன்னும் நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. 1880இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய லாவரான் என்னும் பிரெஞ்சு இராணுவ மருத்துவர், நோயாளியின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார். செஞ்சியில் மாண்ட வீரர்களின் நாட்டுக்காரரே முதல் முடிச்சை அவிழ்த்தார் என்பது தற்செயல்தான்.

இப்போது கோட்டையை மீண்டும் ஒருமுறை மனக்கண்ணால் சுற்றி வாருங்கள். மலையுச்சியில் சுனைகள், தொட்டிகள். அடிவாரத்தில் குளங்கள். மதிலுக்கு வெளியே அகழி. பாறைகளுக்கிடையே மழைக்குப்பின் நூற்றுக்கணக்கான சிறு குட்டைகள். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. நம் வெப்பத்தில் முட்டை, புழு, கூட்டுப்புழு என்னும் பருவங்களைக் கடந்து கொசுவாகப் பத்து நாள் போதும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் பறப்பது அதற்கு எளிது. எட்டாண்டு முற்றுகையில் கோட்டையைக் காப்பாற்றிய அதே தண்ணீர், அதைப் பிடித்தவர்களுக்கு நோயையும் வளர்த்துத் தந்தது என்பது என் முடிவு. வயிற்றுக்கடுப்பு போன்ற நோய்களுக்கும் இதில் பங்கு இருந்திருக்கும். ஆனால் மலையடிவாரம், மழைக்குப்பின் காய்ச்சல், புதிதாக வந்தவரை அதிகம் தாக்குதல் ஆகிய மூன்றும் மலேரியாவின் அடையாளங்கள். சின்கோனா மரப்பட்டை அப்போதே ஐரோப்பியருக்குத் தெரியும். ஆனால் அதிலுள்ள குயினைனைப் பிரித்தெடுக்க 1820 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உள்ளூர் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்கலாம். மலேரியா உள்ள இடத்தில் பிறந்து, மீண்டும் மீண்டும் காய்ச்சல் கண்டு பிழைத்தவரின் உடலில் ஓரளவு எதிர்ப்பாற்றல் வளரும். அதற்கு விலையாகப் பல குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறந்திருப்பார்கள். ஓர்மின் கணக்கு ஐரோப்பியருக்கு மட்டுமே. சிப்பாய், சமையற்காரர், தண்ணீர் சுமப்பவர், பல்லக்குத் தூக்கி யாருடைய சாவும் அந்த 1200இல் இல்லை.

ஆயினும் ஒரே ஒரு இடத்தில் சிப்பாய்கள் கணக்கில் வருகிறார்கள். 1761 சனவரி 16ஆம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. துய்ப்ளேயின் துபாஷியாக இருந்து, இக்காலத்தின் நிகழ்ச்சிகளை நாட்குறிப்பாக எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை அதற்கு நான்கு நாள் முன்புதான் காலமானார். புதுச்சேரி போனபின்னும் செஞ்சி பணியவில்லை. கேப்டன் ஸ்டீபன் ஸ்மித் என்பவர் தலைமையில் ஆங்கிலப் படை கீழ்க்கோட்டையைப் பிடித்தது. மலையில் இருந்தவர்களோ அசையவில்லை. நீர் இருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில், பிரெஞ்சுத் தரப்பின் தலைவரான மெக்கிரிகர், மதிப்போடு வெளியேற விட்டால் கோட்டையை ஒப்படைப்பதாகச் சொன்னார். வெற்றிபெறும் நிலையில் இருந்த ஸ்மித் அதை உடனே ஏற்றுக்கொண்டார். காரணம், அதற்குள் அவருடைய சிப்பாய்களில் 300 பேர், அந்த இடத்தின் காற்று ஒவ்வாமல் இறந்துபோயிருந்தார்கள். அவர்கள் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து சென்றவர்களாகவே பெரும்பாலும் இருந்திருப்பர். இரண்டே மாதங்களில் 300 பேர்.

1761 ஏப்ரல் 5ஆம் நாள் செஞ்சி கைமாறியது. இந்திய மண்ணில் பிரெஞ்சு அரசின் கொடி பறந்த கடைசி இடமும் அத்துடன் போயிற்று. உடன்படிக்கையின்படி புதுச்சேரி 1765இல் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது; பின்னரும் சில முறை ஆங்கிலேயர் கைக்குப் போய்த் திரும்பியது; பிரெஞ்சு ஆட்சி 1954இல் முடிந்தது. செஞ்சியை அவர்கள் திரும்பக் கேட்கவில்லை. 1780இல் ஹைதர் அலியின் படை அதைச் சிறிது காலம் பிடித்து வைத்திருந்தது. அதன்பின் அக்கோட்டைக்காக யாரும் சண்டையிடவில்லை. சண்டைகள் சமவெளிக்குப் போய்விட்டன.

2025 சூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் போர்க்கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, அவற்றுள் செஞ்சியும் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து அது மட்டுமே. அதனால் வருவோர் கூட்டம் பெருகியிருக்கிறது. பெரும்பாலோர் சக்கரக்குளத்தருகே பாறைமேல் உள்ள 'கைதிக் கிணற்றை'ப் பார்த்து, மரண தண்டனை பெற்றவர்களை அதில் போட்டுப் பட்டினியிட்ட கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நெற்களஞ்சியத்தின் பருத்த சுவரையும், கல்யாண மகாலையும், வேங்கடரமணர் கோயிலில் தூண்கள் இருந்த இடங்களையும் பார்க்க நேரம் ஒதுக்குங்கள். ராஜகிரிக்குக் காலையிலேயே ஏறத் தொடங்க வேண்டும். பிற்பகலில் மேலே விடுவதில்லை. குரங்குகள் அதிகம், பையைக் கையிலேயே வைத்திருங்கள். மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் டிசம்பர் கடைசியில் போவது நல்லது. மழை விட்டிருக்கும், சுனைகளிலும் பாறைக் குட்டைகளிலும் நீர் நிறைந்திருக்கும். ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியும் வெள்ளைத் தட்டு ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். குட்டை நீரைத் தட்டில் ஊற்றிப் பார்த்தால், நீர்ப்பரப்புக்கு இணையாகக் கிடையாகப் படுத்திருக்கும் புழுக்கள் அனாபிலிஸ். தலைகீழாகச் சாய்ந்து தொங்குபவை மற்ற வகைக் கொசுக்களின் புழுக்கள்.